வேலை தேடும் தங்கைக்கு ஒரு பட்டன் பெட்டி

வேலை தேடல் பெரும்பாலும் அடுத்தவர் கணினியில்தான் நடக்கிறது. வீட்டில் எத்தனை வசதி செய்து வைத்திருந்தாலும் திறன் தேர்வை எழுதுவது தேர்வு மையத்தின் கணினியில். நேர்காணலுக்குப் போனால், "இந்தப் பட்டியலைக் கொஞ்சம் சரிபார்த்துக் காட்டுங்கள்" என்று முன்னால் வைப்பது அந்த அலுவலகத்தின் கணினி. அங்கே மென்பொருள் எதையும் நிறுவ முடியாது, அமைப்புகளைத் தொட அனுமதி கிடைக்காது. அசைவில் சிரமம் உள்ளவர்களுக்கு ஒரு கருவி செய்யப் போகிறோம் என்றால் இது முதலிலேயே கணக்கில் வர வேண்டும். என் சித்தி மகளுக்காகச் செய்த இந்தப் பெட்டி முழுக்க அந்த எண்ணத்தைச் சுற்றித்தான் உருவானது. வசதி எல்லாம் பெட்டிக்குள் இருக்க வேண்டும். கணினியில் எதையும் மாற்றத் தேவைப்படக் கூடாது.

தங்கைக்குப் பிறவியிலிருந்தே மூளை முடக்குவாதம். வணிகவியல் படித்தவள். நீளமான கணக்குப் பட்டியலில் இடம் மாறி உட்கார்ந்திருக்கும் ஓர் எண்ணைச் சட்டென்று பிடித்துவிடுவாள். வலது கை அவள் சொன்னபடி கேட்காது, தானாக இழுத்துக்கொள்ளும். இடது கை விரல்களால் மெதுவாகத் தட்டச்சு செய்வாள். அதே கையின் முஷ்டியைப் பக்கவாட்டில் வைத்து நன்றாக அழுத்த முடியும். வலது பாதத்தில் நல்ல கட்டுப்பாடு இருக்கிறது. அவள் பேச்சு பழகியவர்களுக்குப் புரியும், குரல் தட்டச்சு மென்பொருளுக்குப் புரிவதில்லை. "பேசினால் போதுமே, இப்போதுதான் எல்லாம் வந்துவிட்டதே" என்று அவளுக்கு யோசனை சொல்லாதவர்கள் குறைவு. தெளிவாகப் பேசுகிறவர்களின் குரலில் பயிற்றுவிக்கப்பட்ட மென்பொருள், குழறும் பேச்சைக் கண்டபடி எழுதித் தள்ளும். அதைத் திருத்துவதற்கு, முதலிலேயே தட்டச்சு செய்ததைவிட அதிக நேரமாகும்.

இங்கே எழுதியிருப்பதை எல்லாம் அவள் படித்துப் பார்த்துத் திருத்தியிருக்கிறாள்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய்தேன். அவள் ஒரு விண்ணப்பத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை நிரப்பும்போது கை கொடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தட்டச்சுதான் பெரிய சிக்கல் என்று நினைத்திருந்த எனக்கு அங்கே தெரிந்தது வேறு. மவுஸுக்குப் பதிலாக அவள் வைத்திருக்கும் டிராக்பாலின் உருண்டையை உருட்டி, திரையில் நகரும் குறியைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறாள். அதே கையால் பட்டனை அமுக்கும் நொடியில் உருண்டை அசைந்து குறி தள்ளிப்போகிறது. பக்கத்தில் இருக்கும் வேறு ஏதோ திறந்துகொள்கிறது. அதை மூட இன்னொரு கிளிக், அதுவும் தள்ளிப்போகும். பிறந்த தேதியைத் தேர்ந்தெடுக்கும் குட்டி நாள்காட்டியில் மட்டும் இப்படி அத்தனை நேரம் போனது. கடைசியில் "நேரம் முடிந்தது, மீண்டும் உள்நுழையவும்" என்று வந்து, நிரப்பியது எல்லாம் காலி.

பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கு அது பழகிப்போயிருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆக, முதல் வேலை தெளிவாகிவிட்டது. குறியை நகர்த்துவது ஓர் உறுப்பின் வேலை, கிளிக் செய்வது இன்னோர் உறுப்பின் வேலை என்று பிரித்துவிட வேண்டும். உருட்டுவதற்கு இடது கை, கிளிக்குக்கு வலது பாதம்.

பழைய மவுஸைத் திறந்தது

இதைச் செய்து பார்க்க எளிய வழி, பயன்படாமல் கிடக்கும் வயர் உள்ள மவுஸ். ஒரே கணினியில் இரண்டு மூன்று மவுஸ்களைச் செருகலாம், எல்லாம் ஒரே குறியைத்தான் நகர்த்தும், எதில் அமுக்கினாலும் கிளிக் விழும். அதனால் பழைய மவுஸை வெறும் கிளிக் கருவியாக மாற்றிவிடலாம்.

மவுஸின் திருகாணி பெரும்பாலும் வெளியே தெரியாது. அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கருக்கோ வழுக்கும் பட்டைகளுக்கோ கீழே ஒளிந்திருக்கும். திறந்தால் இடது பட்டனுக்குக் கீழே சின்னக் கறுப்புப் பெட்டி போல ஒரு மைக்ரோ சுவிட்ச் இருக்கும். அதற்கு மூன்று கால்கள், பயன்படுவது இரண்டுதான். மவுஸைக் கணினியிலிருந்து கழற்றிவிட்டு, மல்டிமீட்டரைப் பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, இரண்டிரண்டு கால்களாகத் தொட்டுப் பாருங்கள். சுவிட்சை அமுக்கும்போது மட்டும் எந்த ஜோடி ஒலிக்கிறதோ அதுதான் நமக்கு வேண்டியது. அந்த இரண்டு கால்களிலும் ஆளுக்கொரு மெல்லிய வயரைச் சால்டர் செய்து, மவுஸின் பக்கவாட்டில் துளை போட்டு, 3.5 மி.மீ. மோனோ ஜாக் ஒன்றில் சேர்த்தேன். பழைய ஹெட்போன்களின் பிளக் போகும் அதே அளவுதான். மவுஸின் ஒளி உணரியைக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் மேசை ஆடும்போது குறியும் ஆடும்.

ஏன் 3.5 மி.மீ.? அசைவு குறைந்தவர்களுக்காக உலகெங்கும் விற்கும் சுவிட்சுகள் பெரும்பாலும் இந்தப் பிளக்கோடுதான் வருகின்றன. தலையால் தட்டுவது, கன்னத்தால் தொடுவது, ஊதுவது எதுவானாலும் கடைசியில் இரண்டு வயர்களை இணைத்து விடும் ஒரு சுவிட்ச்தான். 2018இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரின் பின்புறம் முழுக்க இதே ஜாக்குகள் வரிசையாக இருக்கும். இந்த அளவை விட்டு விலகாமல் இருந்தால், நாளைக்கு அவள் உடல்நிலை மாறினாலும் சுவிட்சை மட்டும் மாற்றினால் போதும்.

கால் மிதி எளிதாகத் தெரிந்தது, ஆனால் உண்மையான உழைப்பு அங்கேதான் போனது. இரண்டு ஒட்டுப்பலகைத் துண்டுகள், நடுவில் கீல், முன்பக்கம் ஒரு மைக்ரோ சுவிட்ச். முதல் வடிவத்தில் பாதத்தை வைத்தாலே கிளிக் விழுந்தது. விழாமல் இருக்க அவள் பாதத்தை எப்போதும் கொஞ்சம் தூக்கியே வைத்திருக்க வேண்டியிருந்தது, சீக்கிரமே கெண்டைக்கால் வலித்தது. ஓய்வாக இருக்கும்போது எதுவும் நடக்கக் கூடாது, அழுத்தினால் மட்டும் நடக்க வேண்டும். அதனால் மேல் பலகைக்குக் கீழே பாதத்தின் எடையை மட்டும் தாங்குகிற அளவுக்குக் கெட்டியான ஸ்பிரிங் போட்டேன். குதிகால் கீலுக்குப் பின்னால், நகராத பலகையிலேயே ஊன்றியிருக்கும். முன்பாதம் மட்டும் இறங்கும். அடியில் தடிமனான ரப்பர் விரிப்பை ஒட்டிய பிறகு மிதி நழுவுவதும் நின்றது. எங்கே வைப்பது, எந்தக் கோணம் என்பதை அட்டைப்பெட்டித் துண்டுகளை வெட்டி வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்தோம். ஆணி அடிப்பதற்கு முன்னால் அட்டையில் பார்ப்பது இந்த மாதிரி வேலையில் கட்டாயம்.

பெட்டி

மவுஸ் வேலை செய்தது. இருந்தாலும் கிளிக்கே தேவைப்படாத வழி ஒன்று படிவங்களில் இருக்கிறது. டேப் விசையால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம், ஷிஃப்டும் டேப்பும் சேர்ந்தால் முந்தைய கட்டத்துக்கு, ஸ்பேஸ் அமுக்கினால் தேர்வுக்குறி விழும், என்டர் சமர்ப்பிக்கும். இவை கீபோர்டின் மூலைமுடுக்கில் சின்னச் சின்னதாகச் சிதறிக் கிடப்பதுதான் அவளுக்குச் சிக்கல், அதிலும் இரண்டு விசைகளை ஒன்றாக அமுக்குவது ஒற்றைக் கைக்குப் பெரும் பாடு. இந்த நான்கையும் முஷ்டியால் குத்தக்கூடிய பெரிய பட்டன்களாக்கினால்?

நாமே நிரல் எழுதி இயக்கக்கூடிய சின்ன மின்னணுப் பலகைகள்தான் ஆர்டுயினோ வகை. இதற்கு அவற்றில் புரோ மைக்ரோ பொருத்தமானது. அதில் உள்ள ஏடிமெகா 32யு4 சில்லு யு.எஸ்.பி.யை நேரடியாகவே பேசும். கணினியில் செருகினால் தன்னைச் சாதாரணக் கீபோர்டாகவும் மவுஸாகவும் அறிமுகப்படுத்திக்கொள்ளும். டிரைவர் நிறுவும் வேலை இல்லை, நிர்வாகி கடவுச்சொல்லும் வேண்டாம். எல்லா ஆர்டுயினோ பலகையும் இதைச் செய்யாது. பலரிடம் இருக்கும் பழைய ஊனோவின் முதன்மைச் சில்லுக்கு யு.எஸ்.பி. தெரியாது, லியொனார்டோவுக்குத் தெரியும். வாங்கும்போது இதைப் பார்த்து வாங்குங்கள்.

புளூடூத் வைக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். வீட்டுக்கு அது அழகாகத்தான் இருக்கும். ஆனால் தேர்வு தொடங்கப் போகும் நேரத்தில் முன்பின் தெரியாத கணினியோடு இணைத்துக்கொண்டிருக்க முடியாது, சார்ஜ் இருக்கிறதா என்ற கவலையும் சேரும். வயரே போதும்.

வீடியோ கேம் எந்திரங்களில் வருகிற வட்டப் பட்டன்களில் 60 மி.மீ. அளவுள்ள நான்கை வாங்கினேன். அமுக்கினால் டக்கென்று சத்தம் வரும், விழுந்ததா இல்லையா என்று திரையைப் பார்த்து உறுதி செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொரு பட்டனிலிருந்தும் ஒரு வயர் பலகையின் ஊசிக்கு, இன்னொன்று கிரவுண்டுக்கு. ஊசிகளின் உள் மின்தடையை நிரலிலேயே இயக்கிவிடலாம், தனியாக ரெசிஸ்டர் வேண்டாம். கால் மிதிக்கும் பெட்டியிலேயே ஒரு 3.5 மி.மீ. ஜாக் வைத்துவிட்டேன். டிராக்பாலுக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று என்று இரண்டு யு.எஸ்.பி. துளை போதும். மாற்றிய மவுஸ் மாற்று ஏற்பாடாக இருக்கிறது. நிரல் எழுதப் பிடிக்காதவர்களுக்கு அந்த மவுஸ் மட்டுமே நல்ல தொடக்கம்.

திரையில் ஒன்றைப் பிடித்து இழுத்து வேறிடத்தில் விடும் வேலைக்கு மிதியை அழுத்திப் பிடித்துக்கொண்டே உருண்டையை உருட்ட வேண்டும், அது அவளால் முடியாது. மிதியை ஒரு விநாடிக்கு மேல் அழுத்தினால் கிளிக் பூட்டிக்கொள்ளும், அடுத்த தடவை தொட்டால் விடுபடும் என்று நிரலில் வைத்தேன். விண்டோஸிலும் கிளிக் லாக் என்று இதே வசதி உண்டு. ஆனால் அது அந்தந்தக் கணினியில் போய் இயக்க வேண்டியது.

இனி இந்தப் பெட்டியின் உயிரான பகுதிக்கு வருகிறேன்.

எந்தச் சுவிட்சை அமுக்கினாலும் உள்ளே உலோகம் உலோகத்தில் மோதிச் சில மில்லிவிநாடிகள் துள்ளும். ஓர் அமுக்கல் நாலைந்தாகப் பதிவாகும். அதைத் தவிர்க்க 10, 20 மில்லிவிநாடி காத்திருந்து படிப்பது எல்லா நிரல்களிலும் வழக்கம். தங்கையின் விஷயத்தில் துள்ளுவது உலோகம் மட்டும் இல்லை, கையும் துள்ளும். ஒரு பட்டனை நோக்கிப் போகும் முஷ்டி வழியில் பக்கத்துப் பட்டனில் லேசாக உரசும். அமுக்கிவிட்டு எடுக்கும்போது ஓர் இழுப்பு வந்து மறுபடியும் விழும். இதன் கால அளவே வேறு.

எவ்வளவு என்று ஊகிக்காமல் அளந்தேன். அமுக்கல் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைப் பெட்டியே திரையில் வரிசையாக எழுதும்படி நிரலை மாற்றி, அவளை வழக்கம்போல வேலை செய்யச் சொன்னேன். தவறி விழுந்தவற்றை அவளே சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன். வேண்டுமென்று அமுக்கியவை பெரும்பாலும் 200 மில்லிவிநாடிக்கு மேல் நீடித்தன. உரசல்கள் 80க்குள் முடிந்துவிட்டன. இடையில் நல்ல இடைவெளி இருந்தது. 120 மில்லிவிநாடி தொடர்ந்து அமுங்கியிருந்தால்தான் ஏற்றுக்கொள்ளும், ஏற்றபின் அரை விநாடிக்கு அதே பட்டனைக் கண்டுகொள்ளாது என்று வைத்ததும் தவறான அமுக்கல்கள் ஏறக்குறைய மறைந்தன. விண்டோஸின் ஃபில்டர் கீஸ் வசதியும் இதே வேலையைத்தான் செய்கிறது; வலது ஷிஃப்டை 8 விநாடி அமுக்கிப் பிடித்தால் வரும். ஆனால் அது கீபோர்டு முழுவதையும் மெதுவாக்கிவிடும், அதோடு சில தேர்வு மையங்களில் அதை முடக்கியும் வைத்திருப்பார்கள்.

மாலையில் களைத்துப்போனதும் கணக்கு மாறியது. உரசல்கள் நீண்டன, சில 150ஐத் தொட்டன. அவளே சொன்னாள்: "அண்ணா, காலையில இருக்கற கை சாயங்காலம் இல்லை. ஒவ்வொரு தடவையும் உன்னைக் கூப்பிட்டு நிரலை மாத்தச் சொல்லவா?" அதற்காகப் பெட்டியின் மேல் ஒரு வால்யூம் குமிழ் சேர்த்தேன், உள்ளே 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர். பட்டன் எவ்வளவு நேரம் அமுங்கியிருந்தால் ஏற்க வேண்டும் என்பதை அது மாற்றும்: இடது கோடியில் 50 மில்லிவிநாடி, வலது கோடியில் 300. உள்ளங்கையால் உருட்டும் அளவுக்குப் பெரிய மூடி. இப்போது அன்றைய உடலுக்கு ஏற்ப அவளே திருகி வைத்துக்கொள்கிறாள். இந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் அந்தக் குமிழ்தான், ஏனென்றால் அது வந்த பிறகு பெட்டி அவளுடையதாகிவிட்டது.

இரண்டு பலவீனங்களை முன்கூட்டியே சரிசெய்துவிடுங்கள். புரோ மைக்ரோவின் மைக்ரோ யு.எஸ்.பி. முனை பலகையிலிருந்து பிய்ந்து வருவதற்குப் பேர்போனது. நான் ஒரு குட்டை கேபிளை அதில் நிரந்தரமாகச் செருகிச் சூடான பசையால் உறுதிப்படுத்தி, கேபிளைப் பெட்டியின் உட்சுவரில் கேபிள் டையால் கட்டிவிட்டேன், இழுவை எல்லாம் பெட்டி மேல் விழும். கால் மிதியின் வயர் பிளக்கின் கழுத்தில்தான் அறும், அங்கே வளைந்து கொடுக்கும் பல இழை வயரே போட வேண்டும்.

ஐந்தாவது பட்டன்

பெயர், மின்னஞ்சல், முகவரி, தொலைபேசி எண். எந்த நிறுவனமானாலும் இவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். இவற்றைத் தானாகத் தட்டச்சு செய்ய ஐந்தாவதாக ஒரு பட்டன் வைத்தேன். ஒருமுறை அமுக்கினால் பெயர், அடுத்து மின்னஞ்சல் என்று வரிசையாக வரும். கடவுச்சொல்லை மட்டும் வைக்கவில்லை, பெட்டி யார் கையில் கிடைத்தாலும் அமுக்கிப் பார்த்துவிடலாம்.

வீட்டுக் கணினியில் முதலில் அமுக்கியபோது மின்னஞ்சல் முகவரி வர வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்துகள் கூட்டமாக வந்து நின்றன. கீபோர்டு எழுத்தை அனுப்புவதில்லை. இன்ன விசை அமுங்கியது என்ற எண்ணை மட்டும் அனுப்புகிறது. அந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று தீர்மானிப்பது கணினி. அவள் தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் வைத்திருந்ததால் அதன்படி எழுதிவிட்டது. பட்டனை அமுக்குமுன் கணினியை ஆங்கில விசைப்பலகைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், அதுவும் அமெரிக்க அமைப்பாக இருந்தால் நல்லது. சில நாட்டு அமைப்புகளில் மின்னஞ்சலின் @ குறியே இடம் மாறியிருக்கும்.

தேர்வு மையத்தில் இந்தப் பட்டன் சந்தேகத்தைக் கிளப்பும். தட்டச்சு வேகத்தை அளக்கும் தேர்வில் தானாக எழுதும் பெட்டியை யார்தான் அனுமதிப்பார்கள்? அதனால் அதன் வயரின் நடுவே ஒரு நழுவு சுவிட்ச் வைத்தேன். தள்ளினால் ஐந்தாவது பட்டனின் இணைப்பே துண்டிக்கப்படும். கண்காணிப்பாளர் கண் முன்னாலேயே தள்ளி, அமுக்கிக் காட்டலாம். பெட்டியின் மூடி ஒளி ஊடுருவும் அக்ரிலிக். உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தாலே தெரியும்.

கூடவே ஒரு பக்கக் கடிதம். பெட்டி சாதாரணக் கீபோர்டாகவும் மவுஸாகவுமே இயங்கும், மென்பொருள் நிறுவத் தேவையில்லை, கணினியிலிருந்து தகவல் எதையும் எடுத்துச் சேமிக்காது, இரண்டு யு.எஸ்.பி. துளைகள் வேண்டும், மேசைக்கு அடியில் கால் மிதிக்கு இடம் வேண்டும். அதோடு கூடுதல் நேரக் கோரிக்கையும். விண்ணப்பிக்கும்போதே இதை அனுப்பிவிடுகிறாள். தேர்வு நாளில் வாசலில் நின்று விளக்குவது அவள் சக்தியை எல்லாம் தின்றுவிடும். ஐ.நா. பொதுச்சபை 2006இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 27ஆம் பிரிவு பணியிடத்தில் நியாயமான வசதி செய்து தர வேண்டும் என்கிறது, ஆள் எடுக்கும் கட்டத்தில் பாகுபாடு கூடாது என்றும் சொல்கிறது. கடிதத்தில் அந்த எண்ணைக் குறிப்பிடுகிறோம். கெஞ்சும் தொனி ஒரு வரியில்கூட இருக்கக் கூடாது என்பதில் அவள் உறுதியாக இருந்தாள், அதுதான் சரி.

பெட்டியால் முடியாதது

சில படிவங்கள் டேப் விசைக்கே இணங்குவதில்லை. குறி எங்கே நிற்கிறது என்று காட்டாது, அல்லது நாள்காட்டிக்குள் போய் வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்ளும். படத்துண்டை இழுத்துப் பொருத்தச் சொல்லும் புதிர்கள் இன்னொரு தொல்லை. இவற்றுக்குக் கருவி செய்வதைவிட நிறுவனத்துக்கு எழுதுவதுதான் வழி. இணையதளங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கும் பயன்பட எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் இணைய உள்ளடக்க அணுகல் நெறிமுறைகளின் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வெளிவந்தது. இழுக்காமல் செய்யவும் வழி இருக்க வேண்டும் என்பது அதில் 2.5.7 என்ற விதி. ஒரே விவரத்தை ஒரே செயல்முறையில் மறுபடி தட்டச்சு செய்ய வைக்கக் கூடாது என்பது 3.3.7. நேரம் முடிந்து வெளியே தள்ளுவது பழைய பதிப்புகளிலிருந்தே 2.2.1இல் வருகிறது: முடியப் போகிறது என்று முன்கூட்டி எச்சரித்து, எளிய ஒரு செயலால் நீட்டித்துக்கொள்ள விட வேண்டும். "உங்கள் தளம் கஷ்டமாக இருக்கிறது" என்று எழுதினால் பதில் வருவது அரிது. பக்கத்தின் பெயர், எந்தக் கட்டத்தில் நின்றது, எந்த விதி எண் என்று எழுதினால் அது தொழில்நுட்பக் குழு வரை போகிறது. அப்படி எழுதிய ஓரிடத்தில் படிவத்தைச் சாதாரணக் கோப்பாக அனுப்பி, நிரப்பித் தரச் சொன்னார்கள்.

பதில்களை விநாடிக் கணக்கில் பதிவு செய்யச் சொல்லும் தானியங்கி வீடியோ நேர்காணலுக்கு எங்களிடம் மாற்று எதுவும் இல்லை. அந்த மாதிரி அழைப்பு வந்தால், எழுத்து வடிவில் கேள்வி பதில் வேண்டும் என்று முன்பே கேட்கிறாள்.

இப்போது மேசையில் இருப்பது அடுத்த வேலை, எண் விசைகளுக்கு ஒரு துளைத் தகடு. கணக்குத் தேர்வுகளில் எண்களை அடிக்கும்போது விரல் பக்கத்து விசையில் விழுகிறது. கீபோர்டின் மேல் அக்ரிலிக் தகட்டைப் பொருத்தி ஒவ்வொரு விசைக்கும் ஒரு துளை போட்டால், கையைத் தகட்டின் மேல் ஊன்றிக்கொண்டே துளைக்குள் விரலை இறக்கலாம். விசைகளின் மையத்துக்கு மையம் ஏறக்குறைய 19 மி.மீ. இருக்கும். 3 மி.மீ. தகட்டில் 13 மி.மீ. துளை என்று அட்டையில் வெட்டிப் பார்த்தோம். அவளுக்கு 14 வசதியாக இருக்கிறது. தகடு விசைகளுக்கு மேலே எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பது இன்னும் முடிவாகவில்லை, வாஷர்களை ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தேர்வு மையத்தின் கீபோர்டு எந்த அளவில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே தகட்டைத் தனி யு.எஸ்.பி. எண்பலகை ஒன்றின் மேல் பொருத்தி, அதையும் பையில் எடுத்துப் போகிற மாதிரிதான் செய்கிறோம். கடிதத்தில் யு.எஸ்.பி. துளைகளின் எண்ணிக்கையை மூன்று என்று மாற்ற வேண்டும்.